சீரோவில் இருந்து எண்ணியவர்

அவரோடு மாடிப்படி ஏறுவதே ஒரு தொல்லை. மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய ராசாவில், ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. கீழிருந்து பதினெட்டுப் படி. முதல் படியில் காலை வைக்கும்போதே "சீரோ" என்பார். கடைசிப் படியில் மூச்சு வாங்க "பதினேழு" என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே பதினெட்டு என்று முனகிக்கொண்டு வரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

ஒருமுறை மதியச் சாப்பாட்டுக் கடைக்கு எனக்கு முன்னால் போய் இடம் பிடித்துவிட்டு, "மூணாம் நம்பர் மேசைக்கு வந்திருங்க தம்பி" என்று போன் செய்தார். நான் போய் மூன்றாவது மேசையில் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. கால் மணி நேரம் கழித்து எரிச்சலோடு நான் அழைக்க, போன் என் முதுகுக்குப் பின்னால் மணியடித்தது. நாலாவது மேசையில் சோறு ஆறிப்போக உட்கார்ந்திருந்தார். சீரோவில் இருந்து எண்ணினால் அதுதான் மூன்று. ஒரு கை தூரத்தில் முதுகோடு முதுகாக இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அந்தக் கடைப் பக்கமே நான் போவதில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அலுவலகத்தில் சீரோ அக்கா என்று கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. அவருக்கும் அதில் பெருமைதான். அவருடைய சொந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு விசாரணைக் கோப்பில் எழுதி, லாபு பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஒரு மனிதர் செத்ததற்கு இவருடைய கவனக்குறைவே காரணம் என்று முடித்துவிட்டார்கள். அதே கோப்பில் என் பெயரும் இருக்கிறது. என் பெயருக்குக் கீழே ஒரு கேள்வியும், இல்லை என்று ஒரு பதிலும் இருக்கின்றன. அந்தப் பதில் பொய். இந்த ஆறு வருடமும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் சோறு தின்றேன்.

எங்களுடையது சின்ன நிறுவனம். முதலாளியையும் சேர்த்து நாலே பேர். சுங்கை காடுட்டில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குப் போய், இயந்திரங்களைக் கணினியோடு இணைத்துக் கொடுப்போம். ஏணியில் தொங்கிக் கம்பி இழுப்பதும் பெட்டி மாட்டுவதும் என் வேலை. கணினிக்குள் எழுதுவது அவர் வேலை. என்னைவிட நாலு வயது மூத்தவர். ராசாவிலேயே மாதா கோயிலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் லாபுவில் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எந்த இயந்திரத்தையும் முதல் முறை ஓட்டும்போது, விசையைத் தொடும் முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு முதல் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பார், கடைசி இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பார், மடிக்கணினியை மூடிவிடுவார். "மொதலும் கடைசியும் சரியா இருந்தா நடுவுல உள்ளது தானா சரியா இருக்கும்லா." இதை எத்தனை முறை அவர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. நாம் ஒரு பேச்சைத் தொடங்கினால் அதை முடிக்க விடமாட்டார். பாதியிலேயே பிடுங்கி, முடிவை அவரே சொல்லிவிடுவார். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டுவிட்டேன். "ஏன் அக்கா, ஒன்னுல இருந்து எண்ணினா கம்ப்யூட்டர் வெடிச்சிருமா?" பதில் சொல்லாமல் என்னைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். வரிசை வீடுகளில் முதல் வீட்டு வாசலில் நிற்க வைத்தார்.

"இங்க இருந்து இந்த வீட்டுக்குப் போக எத்தன வீடு தாண்டணும்?"

"தாண்டவே வேணாமே. இங்கதான நிக்கிறேன்."

"அதான் சீரோ. பக்கத்து வீட்டுக்கு?"

"ஒரு வீடு தாண்டணும்."

"அதான் ஒன்னு. கம்ப்யூட்டர் ஒரே மாதிரி சாமானயெல்லாம் இப்படித்தான் வரிசையா அடுக்கி வெச்சிருக்கு. எத்தனாவது வீடுன்னு அதுக்குத் தெரியாது. எத்தன வீடு தள்ளின்னுதான் தெரியும்."

"கேட்டுல நம்பர் ஒன்னுன்னு போட்டிருக்காங்களே அக்கா."

"அது மனுஷங்க போட்டது" என்றார், ஏதோ மனுஷன் என்பதே ஒரு குறை என்பதுபோல. அதற்குள் அந்த வீட்டு நாய் எங்கள் இருவரையும் விரட்டிவிட்டது.

வீம்புக்காக அவர் சீரோ என்று சொன்னதாக நினைத்துவிடக் கூடாது. சுங்கை காடுட்டில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. வரிசையாகப் பன்னிரண்டு இயந்திரம். முதல் இயந்திரத்தில் நின்ற பெண்ணை, வேலையே செய்வதில்லை என்று மேற்பார்வையாளர் தினமும் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு அனுப்புவதாகக் கடிதம்கூடத் தயாராகிவிட்டது. கணினித் திரையில் அவள் இயந்திரத்துக்கு எதிரே எந்நேரமும் வெறும் கோடுதான். நாங்கள் வேறு வேலையாகப் போயிருந்தோம். இதைப் பார்த்த சீரோ அக்கா பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். எங்களுக்கு முன்னால் வேலை செய்த யாரோ ஒருவர், கணினிக்குள் வரிசையை ஒன்றில் இருந்து படிக்கும்படி எழுதியிருக்கிறார். சீரோவில் இருந்த முதல் இயந்திரத்தைக் கணினி பார்க்கவே இல்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னாலும் விளாசித் தள்ளினார். "அவங்க எட்டு மாசமா வேல செஞ்சிருக்காங்க. நீங்கதான் எண்ணத் தெரியாம எண்ணியிருக்கீங்க." திரும்பி வரும்போது காரில் அவர் கண் கலங்கியிருந்தது. "மொத ஆள விட்டுட்டு எண்றது பாவம் தம்பி" என்றார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மரியாதை சாதாரணமானது அல்ல. இப்போதும் அது குறையவில்லை. குறைந்ததெல்லாம் என்மேல் எனக்கு இருந்த மரியாதைதான்.

லாபு ஆலைக்கு வருகிறேன்.

பழைய ஆலை. செம்பனைக் குலைகள் ஆவியில் வெந்த பிறகு, பழங்களை ஆறு கன்வேயர்கள் ஒன்றிடம் இருந்து ஒன்று வாங்கிக் கொண்டுபோகும். கன்வேயர் என்றால் பட்டை அல்ல. ஆள் இறங்கி நிற்கிற ஆழத்தில் நீளமான இரும்புத் தொட்டி, அதற்குள் தொட்டி நீளத்துக்குச் சுழலும் பெரிய திருகு. பழம் அடைத்துக்கொண்டால் திருகு நின்றுவிடும். மூடியைத் திறந்து, உள்ளே இறங்கி, கையாலும் கம்பியாலும் நோண்டி எடுக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்துவந்தவரை ஆலையில் எல்லோரும் லாபம் அண்ணன் என்று கூப்பிடுவார்கள்.

காரணம் அவர் எண்ணும் முறை. அரிசியோ நெல்லோ அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று மங்கலமாகச் சொல்லி, அடுத்ததை ரெண்டு என்று தொடர்வது நம் ஆட்களின் வழக்கம். லாபு லயத்தில் என் அம்மாவும் பானையில் இருந்து அரிசி அள்ளும்போது லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போடுவார். லாபம் என்றால் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. இந்த அண்ணன் அரிசிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்குமே அப்படித்தான் எண்ணுவார். தண்டவாளத்தில் வரும் குலை வண்டிகளை இரும்புக் கம்பியால் தட்டித் தட்டி, "லாபம்... ரெண்டு... மூணு..." என்பார். கன்வேயர்களுக்கும் அதேதான். பழைய பெயிண்ட் எண்கள் எண்ணெய்ப் பிசுக்கில் எப்போதோ அழிந்துவிட்டதால், ஆலை முழுவதும் அவர் எண்ணிக்கையே நிலைத்துவிட்டது. பாய்லர் பக்கத்தில் இருப்பது லாபம், அடுத்தது ரெண்டு, கடைசி ஆறு.

அவர் தொட்டிக்குள் இறங்கும் முன், பக்கத்துப் பெட்டியில் இருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "இது என் பையில இருக்கிற வரைக்கும் எந்தக் கொம்பனும் ஓட்ட முடியாது தங்கச்சி" என்று சீரோ அக்காவிடம் பெருமையாகக் காட்டினார்.

"இனிமே அதெல்லாம் வேணாம் அண்ணே. பேனல் ரூம்ல ஒரு பட்டன அமுக்கினா போதும், கம்ப்யூட்டரே பூட்டிரும். அடைப்பு வெலகினா அதுவே மறுபடி ஓட்டும்."

அண்ணனுக்கு அரை மனதுதான். ஆனாலும் ஆறு ஃபியூஸ் பெட்டிகளையும் கழற்றியாகிவிட்டது. கழற்றிச் சாக்கில் போட்டவன் நான்.

தீபாவளிக்கு முதல் நாள் வேலையை ஒப்படைக்க வேண்டும். காலையில் நான் ராசாவில் செய்து வாங்கிய எண் பலகைகளோடு போய் இறங்கினேன். ஒன்றில் இருந்து ஆறு வரை. ஆலை மேனேஜரும் நாலைந்து தொழிலாளிகளும் நின்றிருந்தார்கள். சீரோ அக்கா பலகைகளை வாங்கிப் பார்த்தார்.

"எத்தன வருஷமா சொல்றேன், இன்னும் வெரல விட்டே எண்றீங்களே தம்பி. உங்க தலைக்குள்ள ஏறவே ஏறாதா?"

மேனேஜர் சிரித்தார். தொழிலாளிகளும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வழக்கமான கேலிதான், மற்ற நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். லாபுக்காரன் லாபு ஆட்கள் முன்னால் மூக்கறுபட்டது அன்றைக்குப் பொறுக்கவில்லை.

"பொறுங்க அக்கா, இவங்களுக்கு சீரோன்னா வெளங்காதுலா" என்றேன். அப்போதுதான் பின்னால் அண்ணன் வண்டிகளைத் தட்டிக்கொண்டு போனார். "லாபம்..." என்றார். சீரோ அக்கா கையைத் தட்டிவிட்டார்.

"கேட்டீங்களா! மொத வண்டிக்கு நம்பரே சொல்லல! நம்ம ஆளுங்களுக்கும் சீரோ இருந்திருக்கு, அதுக்கு லாபம்னு பேரு வெச்சிருக்காங்க!"

அவர் பேச்சில், அண்ணன் அடுத்துச் சொன்ன ரெண்டு யார் காதிலும் விழவில்லை. சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கும் பழக்கம் அவருக்கு ஏது. "மொதப் பலகையில லாபம்னு எழுதிருங்க தம்பி, மத்ததெல்லாம் நம்பர் வரிசையா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேனல் அறைக்குள் போய்விட்டார்.

நான் ஒன்று என்ற பலகையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, லாபம் என்று எழுதினேன். மற்ற ஐந்தையும் அப்படியே அடித்தேன். லாபம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அண்ணன் எண்ணுவது போலவே. நான் செய்தது சரி என்றே நம்பினேன்.

மத்தியானம் சோதனை. அவர் பேனல் அறையில், நான் கன்வேயர்களுக்குப் பக்கத்தில், ஆளுக்கு ஒரு வாக்கி டாக்கி. சிலுவை போட்டிருப்பார். "மொதல்ல உள்ளது ஓடுதா?" என்றார். லாபம் ஓடியது. "கடைசி?" ஆறு ஓடியது. "முடிஞ்சிச்சு, வந்து சைன் போடுங்க" என்றார். நடுவில் உள்ள நாலும் ஓட்டிப் பார்க்கப்படவில்லை.

கையெழுத்துப் போடப் பேனல் அறைக்குப் போனேன். திரையில் ஆறு பட்டன். லாபம், 1, 2, 3, 4, 5.

எனக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று விரல் மடக்கும் நேரம். அவர் லாபத்தைச் சீரோ ஆக்கி, அடுத்ததை ஒன்று என்று வைத்திருக்கிறார். வெளியே பலகையில் நான்கு என்று இருப்பது இங்கே மூன்று. இங்கே நான்கை அமுக்கினால் அடுத்த கன்வேயர் பூட்டிக்கொள்ளும். லாபத்துக்கு அப்புறம் ரெண்டு அக்கா, அரிசி அளக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஒரு பாடம் நடக்கும், மறுபடி மேனேஜர் சிரிப்பார் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலமாக ஒன்றும் நினைத்தேன்: பண்டிகை முடிந்து இவராகவே கண்டுபிடித்து அசடு வழியட்டும், அப்போது நான் சிரிக்கிறேன். எண் மாறினால் பூட்டும் மாறும் என்று தெரியாதவனா நான்? இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றிருந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். பொண்டாட்டி கேட்டிருந்த தேங்காய் எண்ணெயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் ஆலை ஓடியது. நாலாவது கன்வேயரில் பழம் அடைத்துத் திருகு நின்றது. லாபம் அண்ணன் பலகையைப் பார்த்து வாக்கி டாக்கியில் மலாயில் சொல்லியிருக்கிறார்: நொம்போர் எம்பாட், நாலாம் நம்பர். பேனல் அறையில் இருந்த வங்காளதேசத்து ஆள் நான்காம் பட்டனை அமுக்கினார். பூட்டியாச்சு என்று பதிலும் சொன்னார். பூட்டிக்கொண்டது ஐந்தாவது. அண்ணன் மூடியைத் திறந்து இறங்கினார். அடைப்பை எடுத்தார். அடைப்பு விலகியதும், நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தபடி, கணினி நாலாவது கன்வேயரை மறுபடி ஓட்டியது.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என் கை வரவில்லை. சவப்பெட்டியை மூடியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது போதும்.

விசாரணை சிரம்பானில் ஒரு குளிர்ந்த அறையில் நடந்தது. நானும் சீரோ அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பலகை அடித்தது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அவர் மேல தப்பு இல்ல. வரிசைய நான் வெளக்கமா சொல்லல. நடுவுல உள்ளத ஓட்டியும் பாக்கல." வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

பிறகு அதிகாரி என்னிடம் திரும்பி மலாயில் கேட்டார். கையெழுத்துப் போட்ட நேரத்தில் திரையைப் பார்த்தாயா? வேறுபாடு தெரிந்ததா?

"திடாக், துவான்" என்றேன். இல்லை, ஐயா.

சீரோ அக்கா தலையைத் திருப்பி என்னை ஒரு முறை பார்த்தார். அடுத்தவர் பேச்சைப் பாதியில் பிடுங்குகிறவர், அன்றைக்குப் பேசாமல் இருந்தார்.

அவர் வேலை போயிற்று. இனி இந்தத் தொழிலில் அவரை யாரும் சேர்த்துக்கொள்ளப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுகூடப் பொய். இரண்டு வருடத்தில் என்னைத் தலைமை டெக்னீசியன் ஆக்கினார்கள். மேசை, நாற்காலி, அவர் உட்கார்ந்திருந்த அதே ஜன்னலோரம். படி ஏறும்போதெல்லாம் பதினேழு என்று ஒரு குரல் கேட்பதாகத் தோன்றும். கேட்காமல் இருக்க போனைக் காதில் வைத்துக்கொண்டே ஏறுவேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோட்டைச் சலவைக்குப் போட வேண்டியிருந்தது. ராசாவில் புதிதாகத் திறந்த டோபிக் கடை. காலையில் கடை திறந்ததும் போய்விட்டேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்து தலை நிமிர்ந்தவர் சீரோ அக்கா. முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"கோட்டா? வியாழக்கெழம கெடைக்கும்" என்றார், நேற்றுத்தான் பார்த்தவரைப் போல. சீட்டில் எண் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அன்றைய முதல் சீட்டு. 1 என்று எழுதியிருந்தது.

"ஒன்னா அக்கா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"இங்க எல்லாம் ஒன்னுல இருந்துதான்" என்றார்.

சீட்டைக் கவுண்டரிலேயே வைத்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான் ஸ்கிரீனப் பாத்தேன்."

"தெரியும்" என்றார். கோட்டுப் பைகளில் ஏதாவது இருக்கிறதா என்று துழாவிக்கொண்டே சொன்னார். "நீங்க பேனல் முன்னால நின்னு வெரல மடக்கினீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னத்தையோ எண்றீங்கன்னு தெரிஞ்சிச்சு. என்னன்னு கேட்டிருக்கணும். கேட்டா மறுபடி ஒன்னுல இருந்து வெக்கச் சொல்வீங்கன்னு கேக்கல."

"அப்ப ஏன் அக்கா விசாரணையில சொல்லல?"

"நான் கேக்காதது எனக்குத் தெரியும். நீங்க சொல்லாதத நீங்கதான் சொல்லணும். நான் எப்படிச் சொல்றது?" கோட்டை மாட்டியில் தொங்கவிட்டார். "மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம லாபம் அண்ணன் வீட்டு அண்ணியப் பாக்கப் போறேன். கிளினிக்குக்கு, பசாருக்குக் கூட்டிட்டுப் போவேன். ஒவ்வொரு தடவையும் அவங்க ஒரே கேள்வி கேக்குறாங்க. நம்பர் மாறினது வேற யாருக்காச்சும் முன்னமே தெரியுமா தங்கச்சின்னு. எனக்குத் தெரியாது அண்ணின்னு ஆறு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். எனக்கு வாய் வலிக்குது தம்பி."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். வழக்கம்போல முடிக்க விடவில்லை.

"என்கிட்ட எதுக்கு? இந்த ஞாயித்துக்கெழம வாங்க."

போகாமல் இருக்க எவ்வளவோ காரணம் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லாபுவில் அந்த மலிவு விலை வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி, லாபம் அண்ணனுடைய மனைவி, கதவைத் திறந்தார். அந்தச் சாவு வீட்டில் நான் பின்வரிசையில் நின்றது அவருக்கு ஞாபகம் இல்லை. உள்ளே சீரோ அக்கா தரையில் உட்கார்ந்து, அண்ணியின் ஒரு வார மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் அண்ணனின் படம். சட்டைப் பையில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. ஃபியூஸ் கட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணி தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "தங்கச்சியோட வேல செஞ்ச தம்பியா? குடிங்க."

"அண்ணி, அந்த நம்பர் பலகைய அடிச்சது நான்தான். லாபத்துக்கு அடுத்து ரெண்டுன்னு அடிச்சேன். ஸ்கிரீன்ல ஒன்னுன்னு இருந்திருக்கு. அதனாலதான் அண்ணனுக்கு..."

"அது தெரியும் தம்பி" என்றார் அண்ணி. குரலில் கோபமே இல்லை. "தங்கச்சி அன்னைக்கே சொல்லிருச்சு. வரிசைய வெளக்கமா சொல்லாதது அதோட தப்பாம். நீங்க என்ன செய்வீங்க, எங்க வீட்டு ஆளு எண்ற மாதிரிதான அடிச்சிருக்கீங்க. தேத்தண்ணி ஆறுது பாருங்க."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இதோடு முடிந்துவிட்டது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். சொன்னதாகவும் ஆயிற்று, அவர் மன்னித்ததாகவும் ஆயிற்று. கோப்பையை எடுக்கக் கையை நீட்டினேன்.

"அது ஒன்னுதான் தம்பி" என்றார் சீரோ அக்கா, மாத்திரை டப்பாவில் இருந்து தலையைத் தூக்காமல். "சீரோல இருந்து சொல்லுங்க."

கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

சொன்னேன். மேனேஜர் சிரித்தது, எனக்குச் சுர்ரென்று ஏறியது, திரையில் ஆறு பட்டனையும் பார்த்தது, மூன்று விரல் மடக்கியது, பண்டிகை முடியட்டும் என்று நினைத்தது, தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனது, குளிர்ந்த அறையில் திடாக் என்றது. ஒன்றையும் விடவில்லை. சீரோ அக்கா இந்த முறை என்னை முடிக்க விட்டார்.

முடித்த பிறகு அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்துறதுக்கு எத்தன நேரம் ஆகியிருக்கும்?"

"அஞ்சு நிமிஷம் அண்ணி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து, நான் தொடாமல் வைத்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தேத்தண்ணியைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. சீரோ அக்கா டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து அண்ணியிடம் போனார்.